கட்டடத் துறையில் நமக்கும் இடமுண்டு

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு



சென்ற நவம்பர் மாதத்து மழையில் நம் செண்பகனூரில் ஒரு தடுப்புச் சுவர் இடிந்து விழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிக்கு வரும் பாதையை ஒட்டி ஆள் உயரத்துக்கும் மேலாக நின்றிருந்த கருங்கல் சுவர் அது. இறைவன் அருளால் இரவில் விழுந்தது. காலை எட்டரை மணிக்கு விழுந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. சுவரைக் கட்டியவர் யார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது கட்டி நான்கு ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

டிசம்பர் மாதத் தொடக்கத்தில் புதுச் சுவர் எழும்பத் தொடங்கியது. அதை வேடிக்கை பார்த்துப் பார்த்து முதல் மணிக்குப் பிந்தி வந்தவர்கள் எங்கள் வகுப்பில் ஒன்பது பேர். முதல் நாள் எங்கள் வகுப்பாசிரியையான அருட்சகோதரி கண்டித்தார்கள். மூன்றாம் நாளும் பிந்தி வந்தபோது, "சும்மா நின்று பார்ப்பதில் என்ன பயன்? போய்க் கேட்டு, தெரிந்துகொண்டு எழுதுங்கள். ஆண்டு மலருக்காவது ஆகும்" என்றார்கள். இக்கட்டுரை பிறந்த கதை இதுவே.

வேலையை மேற்பார்வை செய்ய வத்தலக்குண்டிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். வயது இருபத்து நான்கு இருக்கலாம். தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் அளவு நாடா, தோளில் ஒரு பை. கணக்கெழுத வந்தவர் என்றே நாங்கள் முதலில் நினைத்தோம். வேலையையே நடத்துபவர் அவர்தாம் என்று மேஸ்திரி தாத்தா சொன்னபோது எங்களுக்குச் சற்று வெட்கமாகிவிட்டது. பெண்பிள்ளைகளாகிய நாங்களே அப்படி நினைத்தோமே!

"அக்கா, பழைய சுவர் ஏன் விழுந்துச்சு?" என்று கேட்டோம்.

"மண்ணு தள்ளி விழலைம்மா, தண்ணி தள்ளி விழுந்துச்சு" என்றார்.

பிறகு அவர் விளக்கியதை எங்களுக்குப் புரிந்த அளவில் எழுதுகிறோம். மலையை வெட்டிப் பாதையோ வீடோ அமைக்கும்போது, வெட்டிய பக்கத்து மண் சரியாமல் இருக்கச் சுவர் எழுப்புகிறார்கள். காய்ந்த மண் ஓரளவு தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். மழை பெய்து நீர் ஊறினால் மண்ணின் எடை கூடும், அதன் பிடிப்புக் குறையும். ஊறிய நீர் வெளியேற வழியில்லாவிட்டால் சுவரின் பின்னால் அது குளம்போலத் தேங்கிச் சுவரை முன்னே தள்ளும். நீரின் ஆழம் கூடக் கூட அடியில் அழுத்தம் கூடும் என்று நாமும் இயற்பியலில் படித்திருக்கிறோம். படித்ததும் அதே பாடந்தான், விழுந்ததும் அதே பாடந்தான்! வீட்டில் குக்கருக்கு ஆவி போக வழி வைப்பது போல, தடுப்புச் சுவருக்கு நீர் போக வழி வைக்க வேண்டும். பழைய சுவரில் அப்படி ஒரு துளைகூட இல்லை. புதுச் சுவரில் வரிசை வரிசையாக நான்கு அங்குலக் குழாய்களை வெளிப்புறம் வாட்டமாகப் பதித்தார்கள். மண் அடைத்துக்கொள்ளாதிருக்கச் சுவரின் பின்புறம் சரளைக் கல்லும் ஜல்லியும் நிரப்பினார்கள். அடியில் நாலடி அகலமும் உச்சியில் ஒன்றரை அடி அகலமுமாகச் சுவர் எழுந்தது. முன்வரிசைக் கல்லையும் பின்வரிசைக் கல்லையும் பிணைக்க இடையிடையே நீளமான கற்களைக் குறுக்கே வைத்தார்கள். ஒரு சுவருக்குள் இத்தனை சூட்சுமமா என்று வியந்துபோனோம்.

இனி நாங்கள் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம். அந்த இடத்தில் ஆண்கள் எட்டுப் பேரும் பெண்கள் ஆறு பேரும் வேலை செய்தார்கள். பெண்கள் அறுவரும் சித்தாட்கள். சும்மாடு வைத்துத் தலையில் கல் சுமந்தார்கள், சட்டி சட்டியாகக் கலவை சுமந்தார்கள், தண்ணீர் சுமந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் வகுப்புத் தோழியின் தாயார். (தோழியின் சம்மதத்துடனேயே எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்று சொன்னாள்.) பத்தொன்பது ஆண்டுகளாகச் சித்தாள் வேலை செய்கிறார். அவர் கல் சுமந்த வீடுகள் இந்த மலையில் எத்தனையோ உண்டு. அங்கே கொத்தனாராக இருந்த அண்ணன் ஒருவர், ஆறு ஆண்டுகளுக்கு முன் கையாளாக வந்தவராம். வந்தபோது அவருக்குக் கலவை போடக்கூடத் தெரியாது. தோழியின் தாயார்தாம் மணலுக்கும் சிமெண்டுக்கும் அளவு சொல்லிக் கொடுத்தாராம். இன்று அந்த அண்ணன் கையில் கரணை இருக்கிறது, இவர் தலையில் அதே சட்டி இருக்கிறது. கூலியிலும் பெரிய வித்தியாசம்.

இதில் அந்த அண்ணனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டட வேலையில் காலங்காலமாக உள்ள வழக்கம் இது. பையன் கையாளாக வந்தால் மேஸ்திரி பக்கத்தில் நின்று பார்த்து, கரணை பிடித்து, கொத்தனாராகி, பின்னர் மேஸ்திரியும் ஆகலாம். பெண் சித்தாளாக வந்தால் சித்தாளாகவே ஓய்வாள். கையில் கரணையைக் கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. மூலைக்குச் சதுரம் பார்க்கும்போது மேஸ்திரி தாத்தா மூன்றடி, நான்கடி, ஐந்தடி என்று நூல் பிடித்ததைப் பார்த்தோம். ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் நான்கு, குறுக்கே ஐந்து வந்தால் மூலை செங்கோணம். பிதாகரஸ் தேற்றம்! ஆண்டு முழுதும் கரும்பலகையில் கண்டதைத் தரையில் கண்டபோது நாங்கள் கைதட்டிவிட்டோம். தாத்தா பள்ளிக்கூடமே போனதில்லையாம். அந்த நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் தோழியின் தாயார். பத்தொன்பது ஆண்டுகளாக மறுமுனையைப் பிடிக்கிறார். எதற்காக மூன்று, நான்கு, ஐந்து என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அன்று மாலை மகள் சொன்னாள்.

'கட்டட வேலை' என்றால் நம் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு உண்டு. வசதியுள்ளவர்கள், "அது கூலி வேலை" என்பார்கள். இன்ஜினீயரிங் படிப்பை எண்ணுபவர்கள், "சிவில் பெண்களுக்கு ஆகாது, வெயிலில் நிற்க வேண்டும்" என்பார்கள். வெயிலில் கல் சுமக்கிற பெண்ணைப் பார்த்து ஒருவரும் அப்படிச் சொல்வதில்லையே என்று எங்களுக்குத் தோன்றுகிறது. புனித சூசையப்பரைத் தச்சர் என்று அறிவோம். சுவிசேஷம் எழுதப்பட்ட கிரேக்க மொழியில் அவர் தொழிலைக் குறிக்கும் சொல்லுக்கு, தச்சர் என்பதோடு வீடு கட்டுபவர் என்றும் பொருள் கொள்ளலாம் என்று அருட்சகோதரி சொன்னார்கள். நம் நாட்டுக்கு வந்த அப்போஸ்தலரான புனித தோமையார் கட்டடக் கலைஞரின் பாதுகாவலர். அவருடைய படங்களில் கையில் மூலை மட்டம் இருப்பதை இனிக் கவனித்துப் பாருங்கள். இவ்வளவு பெரியவர்கள் செய்த தொழிலை நாம் மட்டும் ஏன் தாழ்வாக எண்ண வேண்டும்?

நாம் வாழும் ஊரோ கட்டுமானத்தாலேயே உண்டான ஊர். கொடைக்கானல் ஏரி இயற்கையாகத் தோன்றியது என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்பவர் ஓடைக்குக் கரை கட்டித் தேக்கியதே அந்த ஏரி. அதில் வழியும் நீரே நம்மூருக்கு அருகில் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. லசலேத் அன்னை ஆலயம் 1866-ல் எழுந்தது. நம் செண்பகனூர் திரு இருதயக் கல்லூரியை இயேசு சபைக் குருக்கள் 1895-ல் நிறுவினார்கள். மோட்டார் சாலை இல்லாத காலத்தில் இவற்றுக்கெல்லாம் வேண்டிய பொருளைத் தலையிலும் தோளிலும் சுமந்துதான் ஏற்றியிருக்க வேண்டும். கட்டச் சொன்னவர்களின் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. சுமந்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

பெண்கள் பொறியாளராவது நேற்று வந்த புதுமையன்று. சென்னையில் 1794-ல் நில அளவை கற்பிக்க எட்டு மாணவர்களோடு ஒரு பள்ளி தொடங்கியது. அதுவே வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆயிற்று. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் அங்கே ஆண்கள் மட்டுமே படித்தார்கள். 1940-களில் மூன்று பெண்கள் அங்கே பட்டம் பெற்றார்கள். லலிதா மின்பொறியியல் படித்தார். இளம் வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு இருந்தவர் அவர். தெரேசியா, லீலாம்மா ஜார்ஜ் இருவரும் சிவில் படித்தார்கள். லலிதாவின் பட்டச் சான்றிதழில், ஆண் என்று அச்சிட்டிருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண் என்று கையால் எழுதிக் கொடுத்தார்களாம். அச்சடித்தவர்களுக்கு ஒரு பெண் வருவாள் என்றே தோன்றவில்லை!

இம்மூவரில் எங்களை மிகவும் கவர்ந்தவர் தெரேசியா. 1924-ல் திருச்சூர்ப் பக்கத்து எடத்திருத்தி என்னும் கிராமத்தில், நம்மைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். கிண்டியில் படித்து முடித்துக் கொச்சி சமஸ்தானத்தின் பொதுப்பணித் துறையில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். நம் நாட்டில் அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவரே. அவர் சென்னைக்குப் படிக்கப் புறப்பட்ட காலத்தில் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. நம் மலையிலிருந்து மதுரைக்குப் பேருந்தேறத் தயங்குகிறவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரி, பத்தாம் வகுப்பு முடித்தபின் நமக்கு என்னென்ன வழிகள் உள்ளன? மேற்பார்வையாளர் அக்காவிடம் கேட்டதையும், ஆசிரியைகளிடம் விசாரித்ததையும் சேர்த்துச் சொல்கிறோம்.

மிகக் குறைந்த செலவில் விரைவாகத் தொழில் கற்க அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. ஐ.டி.ஐ. என்று சொல்கிறோமே, அவைதாம். திண்டுக்கல்லிலும் மதுரையிலும் உண்டு. கட்டடப் பட வரைவாளர் பயிற்சி இரண்டு ஆண்டு. நில அளவையர் பயிற்சியும் இரண்டு ஆண்டு. எலக்ட்ரீசியனுக்கும் அவ்வாறே. பிளம்பர் வேலை ஓராண்டில் முடியும். கொத்தனார் வேலைக்கே ஓராண்டுப் பயிற்சி உண்டு என்பதும், அதற்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்பதும் எங்களுக்குப் புதுச் செய்தி. தோழியின் தாயாருக்கு யாரும் கொடுக்காத கரணையை அங்கே சேருகிற பெண்ணுக்கு முதல் நாளே கொடுக்கிறார்கள்! அரசு நிலையங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. பெண்கள் சேர வயது உச்சவரம்பும் கிடையாது.

பட வரைவாளர் என்றால் மேசையில் பெரிய தாளை விரித்துக் கோடு போடுகிறவர் என்று எண்ணியிருந்தோம். இப்போது ஆட்டோகேட் என்னும் முறையில் கணிப்பொறியிலேயே வரைகிறார்கள். நில அளவையரும் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓடுவதில்லை. முக்காலியில் நிற்கும் 'டோட்டல் ஸ்டேஷன்' என்னும் கருவி, கண்ணாடி வைத்த கோலின் மேல் ஒளியைப் பாய்ச்சித் தொலைவையும் கோணத்தையும் ஒருசேரச் சொல்லிவிடுகிறது. உயரங்களும் தொலைவுகளும் என்று நம் கணக்குப் புத்தகத்தில் கோபுரத்தின் நிழலை வைத்துப் படிக்கிறோமே, அதே முக்கோணவியல்தான் அந்தக் கருவிக்குள்ளும். இந்தப் பயிற்சிகளுக்கு அரசு வேலையும் உண்டு. 2023-ல் ஊரக வளர்ச்சித் துறைக்குச் சாலை ஆய்வாளர்களைத் தேர்வாணையம் அழைத்தபோது கேட்ட தகுதி, கட்டடப் பட வரைவாளர் சான்றிதழ்தான்.

அடுத்தது பாலிடெக்னிக். பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு டிப்ளமோ. ஐ.டி.ஐ. முடித்தவர்களும் பிளஸ் டூ முடித்தவர்களும் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ பெற்றவர் பொறியியல் கல்லூரியிலும் இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆகையால் பதினைந்து வயதில் ஐ.டி.ஐ.க்குப் போகிற பெண்ணுக்கு மேற்படிப்பின் கதவு அடைபட்டுவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறலாம். நடுவில் நின்று சில காலம் சம்பாதித்துவிட்டும் ஏறலாம். மேற்பார்வையாளர் அக்கா அப்படி ஏறியவர்தாம். பத்தாம் வகுப்பில் கணக்கில் அவர் எடுத்தது ஐம்பத்து நான்கு மதிப்பெண். பாலிடெக்னிக் முடித்து, இரண்டாண்டு வேலை பார்த்து, இப்போது பி.இ. படிக்கப் பணம் சேர்க்கிறார். ஐம்பத்து நான்கு என்று கேட்டதும் எங்களில் பலர் முகம் மலர்ந்ததை மறைக்க விரும்பவில்லை.

மேல்நிலைப் பள்ளியில் கணிதமும் அறிவியலும் எடுத்துப் படித்தால், நான்காண்டு பி.இ. சிவில் படிப்புக்குப் போகலாம். தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணே கணக்கு. மதுரையில் 1957-ல் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரி நமக்கு அருகில் உள்ளவற்றுள் பெயர் பெற்றது. ஒரு குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010 முதல் வழங்கப்பட்டது. அரசுப் பள்ளி மாணவருக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கிச் சட்டம் வந்தது 2021-ல். 2022 செப்டம்பரில் அரசு தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மேற்படிப்புக் காலத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைத்தது. 2024 இறுதியில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்றவர்களுக்கும் அது விரிந்தது. சேரும் ஆண்டில் எவை நமக்குப் பொருந்தும் என்று பள்ளி அலுவலகத்தில் மறவாமல் கேட்டுக்கொள்ளுங்கள். விவரம் அறியாததால் பணத்தை இழந்தவர்கள் உண்டு.

ஓவியத்தில் கைத்திறன் உள்ள தோழியருக்குக் கட்டடக் கலைப் படிப்பு ஏற்றது. பி.ஆர்க். என்னும் இப்படிப்பு ஐந்தாண்டு. 'நாட்டா' என்னும் தகுதித் தேர்வு எழுத வேண்டும். பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் வேண்டும் என்பதால், படம் மட்டும் வரைந்தால் போதும் என்று எண்ணி ஏமாறாதீர்கள். இங்கே இலங்கையின் மினெட் டி சில்வாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நம்மைப் போல மலை நகரமான கண்டியில் பிறந்தவர். 1948-ல் பிரிட்டனின் அரச கட்டடக் கலைஞர் கழகத்தில் உறுப்பினரான முதல் ஆசியப் பெண். கண்டியில் செங்குத்தான சரிவில் அவர் முதன்முதலாகக் கட்டிய வீடு 1951-ல் முடிந்தது. சரிவை வெட்டிச் சமமாக்காமல், சரிவோடு இறங்குகிற தளங்களாக அதை அமைத்தார். உள்ளூர் நெசவாளரையும் அரக்கு வேலைக்காரரையும் மண்பாண்டக் கலைஞரையும் சேர்த்துக்கொண்டார். பின்னர் வட்டபுலுவ என்னும் இடத்தில் குடியிருப்பு அமைத்தபோது, குடிவரப் போகிறவர்களிடமே அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டறிந்தார். நம் மலையில் எந்த வீட்டைக் கட்டுமுன் அதில் சமைக்கப் போகிற பெண்ணைக் கேட்கிறார்கள்?

சிவில் படித்தவர்கள் பிற்பாடு தனித்தனிப் பிரிவுகளுக்குப் போகலாம். பாலம், நீர்ப்பாசனம், சாலை என்று பலவுண்டு. மலைவாசிகளாகிய நமக்கு முக்கியமானது மண்ணையும் பாறையையும் ஆராயும் பிரிவு என்பது எங்கள் கருத்து. 2020 ஆகஸ்டு மாதத்தில் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பைப் புதைத்தது. எழுபது பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் நம் தமிழ் மக்கள். அந்த இடம் நம் மலைத்தொடருக்கு நேர் மேற்கே இருக்கிறது. அவர்களுக்காக நம்மூரிலும் செபித்தோம். செபத்தோடு, மலை எங்கே தாங்கும் எங்கே தாங்காது என்று கணக்கிட்டுச் சொல்லத் தெரிந்தவர்களும் வேண்டும் அல்லவா?

அப்படிக் கணக்கிட்டவர்களில் ஒருவர் பேராசிரியை மாதவி லதா. ஆந்திராவின் பிரகாசம் மாவட்டத்துக் கிராமப் பெண். நம் சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றவர், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியை. காஷ்மீரில் செனாப் ஆற்றின் மேல் 359 மீட்டர் உயரத்தில் கட்டிய ரயில் பாலம் 2025 ஜூன் 6-ல் திறக்கப்பட்டது. பாலத்தின் பாரத்தைத் தாங்க வேண்டிய இருபுறத்து மலைப்பாறைகளோ வெடிப்பும் பிளவுமாக இருந்தன. அந்தச் சரிவுகளை உறுதிப்படுத்தும் ஆலோசகராக மாதவி லதா ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் உழைத்தார். தோண்டத் தோண்டப் பாறையின் குணம் மாறியதால், முன்பே போட்ட திட்டத்தை அவ்வப்போது மாற்றிக் கணக்கிட வேண்டியிருந்ததாம். பாறைக்குள் நீண்ட இரும்புக் கம்பிகளைச் செலுத்திச் சிமெண்டுக் குழம்பு பாய்ச்சிப் பிணைத்தார்கள். சுவரில் குறுக்குக் கல் வைப்பதும் இதுவும் ஒரே தத்துவம் போலத் தோன்றுகிறது என்று மேற்பார்வையாளர் அக்காவிடம் சொன்னோம். "பரவாயில்லையே!" என்றார். எங்களுக்குப் பரிசு கிடைத்தது போல இருந்தது.

பட்டம் வேண்டாம், கைத்தொழிலே போதும் என்பவர்களுக்கும் இடங்கள் உண்டு. புதுவைக்கு அருகில் ஆரோவில்லில் உள்ள மண் கட்டடக் கழகம், மண்ணோடு சிறிது சிமெண்டு சேர்த்து இயந்திரத்தில் அழுத்திச் சூளையில் சுடாமலே கல் செய்யக் கற்றுத் தருகிறது. குறுகிய காலப் பயிற்சிகளும் நடத்துகிறது. சுடாத கல்லால் விறகும் மிச்சம் என்பது மலைக்காட்டில் வாழும் நமக்குச் சிறிய செய்தியா?

இன்னொரு செய்தியை, கட்டட வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் அவசியம் அறிய வேண்டும். தொழிலாளர்கள் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக, தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-ல் அமைந்தது. பதினெட்டு முதல் அறுபது வயது வரை உள்ளவர்கள் அதில் பதிந்துகொள்ளலாம். பதிந்து, உரிய காலத்தில் புதுப்பித்து வந்தால் விபத்து, மகப்பேறு, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. பிள்ளைகளின் படிப்புக்கும் உதவித் தொகை உண்டு. பெண்பிள்ளைக்குப் பள்ளியில் படிக்கும்போதே கிடைக்கும். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், பட்டப்படிப்பு எல்லாவற்றுக்கும் கேட்கலாம். கட்டடம் கட்டுவோர் செலுத்தும் ஒரு விழுக்காடு வரியிலிருந்து வரும் பணம் இது. யாருடைய தர்மமும் அன்று. தோழியின் தாயார் பதிந்திருந்தார். புதுப்பிக்கவில்லை. அட்டை பெட்டியின் அடியில் கிடந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் நாங்கள் மூவர் துணைக்குப் போய்ப் புதுப்பிக்க விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். அந்த அலுவலகத்துக்கு இரண்டு முறை அலைந்த கதையை எழுதினால் மலரில் இடம் போதாது.

எல்லாம் இன்பமே என்று எழுதி யாரையும் ஏமாற்ற எங்களுக்கு விருப்பமில்லை. அக்கா ஒளிக்காமல் சொன்னார். வேலை நடக்கும் பல இடங்களில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுவாராம். முதல் வேலையில், இளம்பெண் சொன்னால் யார் கேட்பது என்று கொத்தனார்கள் சிரித்தார்களாம். ஒருநாள் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, ஒரு சுவர் முக்கால் அங்குலம் சாய்ந்திருக்கிறது என்றார். இல்லை என்றார்கள். அவர்கள் கையிலேயே குண்டைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தார்கள், பிரித்துக் கட்டினார்கள். "குண்டு ஆம்பளை பொம்பளை பார்க்காதும்மா, நேரா தொங்கும்" என்று சொல்லிச் சிரித்தார். ஊர்விட்டு ஊர் மாற வேண்டும், திருமணப் பேச்சு வந்தால் "சைட் வேலையா?" என்று முகம் சுளிப்பார்கள் என்பதையும் சொன்னார். இதற்கு எங்களிடம் பதில் இல்லை. பெற்றோர்களே, இதை வாசிக்கும் உங்களிடம் இருக்கலாம்.

எங்கள் தோழிக்கு இரண்டு தம்பிகள். பத்தாவதோடு நிறுத்திவிட்டுத் தாயாரோடு வேலைக்குப் போவதா, மேலே படிப்பதா என்பது அவள் வீட்டில் ஜனவரி வரை முடிவாகவில்லை. அவள் கணக்கில் எங்கள் எல்லாரையும் விடக் கெட்டிக்காரி. பொங்கல் விடுமுறை முடிந்து நாங்கள் வந்தபோது சுவர் முடிந்திருந்தது. கடைசி நாள் என்பதால் அக்கா பொருள்களைக் கட்டிக்கொண்டிருந்தார். தோழி அவரிடம் போய், மதுரை பாலிடெக்னிக்கில் சேர என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டாள். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று அவளுடைய கணக்கு நோட்டின் பின்பக்கத்திலேயே அக்கா எழுதிக் கொடுத்தார்.

தாயார் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து அந்தத் தாளைப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

"அங்கன தங்குறதுக்கு எடம் இருக்குமா, தாயீ?" என்று கேட்டார்.

அரசு மாணவியர் விடுதி இருக்கிறது, தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் பணம் இல்லை, இடம் கிடைக்க மட்டும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்றார் அக்கா. எந்தத் தேதிக்குள் என்பதைத் திங்கட்கிழமை விசாரித்து எங்கள் அருட்சகோதரிக்குத் தொலைபேசியில் சொல்வதாக வாக்களித்துவிட்டு மூன்றரை மணிப் பேருந்துக்குப் போனார். திங்களன்று சொன்னார். தேதியைத் தோழி நோட்டில் குறித்து வைத்திருக்கிறாள்.